கார்க் நகரத்துச் சாவு வீடும் பெரியத்தையின் ஒப்பாரியும்

என் தங்கை அயர்லாந்தில் கார்க் நகரத்தில் நர்ஸாக இருக்கிறாள். கூட வேலை பார்க்கிற பெண்ணின் அப்பா இறந்துபோனதற்கு எழவு கேட்கப் போனவள், அறைக்குத் திரும்பியதும் எனக்குப் போன் செய்தாள்.

"அக்கா, கூடத்துலயே பெட்டியைத் திறந்து வச்சிருக்காங்க. பக்கத்து வீட்டுல இருந்து நாற்காலி வருது. டீ போட்டுக்கிட்டே இருக்காங்க, சாண்ட்விச் தட்டு தட்டா வருது. வர்றவங்க வரிசையா நின்னு குடும்பத்துக்காரங்களுக்குக் கை கொடுத்துட்டுப் போறாங்க. எல்லாம் நம்ம ஊர் மாதிரியேதான் இருக்கு. ஆனா ஒருத்தர்கூட வாய்விட்டு அழலைக்கா."

கடலூர் மஞ்சக்குப்பத்தில் டிடிபி கடை வைத்திருக்கிறவள் நான். கண்ணீர் அஞ்சலி போஸ்டர், கருமாதிப் பத்திரிகை, முதலாம் ஆண்டு நினைவஞ்சலி என்று என் பிழைப்பில் பாதி சாவு வீடுகளில் இருந்துதான் வருகிறது. அதனால் தங்கையிடம் துருவித் துருவிக் கேட்டேன். சாவுச் செய்தியை அங்கே உள்ளூர் ரேடியோவில் வாசிக்கிறார்களாம். ஆர்ஐபி டாட் ஐஇ என்று ஒரு இணையதளம் 2005இலிருந்து இருக்கிறது. யார் போனார், எந்த ஊர், வீட்டுக்கு எப்போது வரலாம், அடக்கம் எங்கே என்று எல்லாம் அதில் போட்டுவிடுகிறார்கள். காலையில் எழுந்ததும் அதைப் பார்ப்பது நிறையப் பேருக்குப் பழக்கம். நம் ஊரில் சுவரைப் பார்த்துக்கொண்டே பஸ் ஸ்டாண்டுக்கு நடக்கிற மாதிரிதான். முப்பதாம் நாள் ஒரு பூசையும் உண்டு.

சரி, அழுகை எங்கே போயிற்று? அதுதான் எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. அப்போது தொடங்கிய படிப்பு இன்னும் விடவில்லை.

அந்த ஊரிலும் ஒப்பாரி இருந்திருக்கிறது. கீனிங் என்பார்கள். அதில் பேர் வாங்கிய பெண்கள் அங்கங்கே இருந்தார்கள். காசோ சாராயமோ புகையிலையோ கொடுத்து அவர்களை அழைத்து வருவது வழக்கம். தலைமுடியை அவிழ்த்துவிட்டு, உடம்பை முன்னும் பின்னும் ஆட்டி, கைதட்டி, ஒருத்தி அடி எடுத்துக் கொடுப்பாள். செத்தவரை நேராகக் கூப்பிட்டுப் பேசுவாள். அவர் வம்சம், அழகு, கொடை, சோறு போட்ட கை எல்லாவற்றையும் அங்கேயே கட்டிப் பாடுவாள். ஒரு கண்ணி முடிந்ததும் சுற்றியிருக்கிற பெண்கள் ஒன்றாகக் குரலெடுப்பார்கள். ஆனால் உயிர் போன உடனே அழுதுவிடக் கூடாது. உடம்பைக் கழுவிக் கிடத்துகிற வரைக்கும் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். முந்திக்கொண்டு அழுதால், போகிற உயிரைப் பிடிக்கக் காத்துக் கிடக்கிற சாத்தானின் நாய்கள் விழித்துக்கொள்ளுமாம். ஜன்னலைத் திறந்து வைப்பார்கள், கடிகாரத்தை நிறுத்துவார்கள், கண்ணாடியைத் துணி போட்டு மூடுவார்கள். ராத்திரி முழுக்க விழித்திருக்கிறவர்களுக்கு மண் பைப்பும் புகையிலையும் மூக்குப்பொடியும் தட்டில் வைப்பார்கள். விளையாட்டும் கதையும்கூட உண்டு.

இந்த அழுகை எப்போது தொடங்கியது என்பதற்கும் ஒரு கதை வைத்திருக்கிறார்கள், அதைப் படித்ததிலிருந்து என்னால் அதை மறக்க முடியவில்லை. அயர்லாந்தின் பழைய புராணத்தில் துவாதா டே டனான் என்ற தேவர் கூட்டத்துக்கும் ஃபோமோரியர் என்ற கூட்டத்துக்கும் மாய் துரா என்ற இடத்தில் பெரிய போர். தேவர் பக்கத்துப் பெண் பிரிக், தலைவர்களில் ஒருவரான தக்டாவின் மகள். அவளைக் கட்டியவன் பிரெஸ், பாதி ஃபோமோரியன். போர் வந்ததும் அவன் அந்தப் பக்கம் போய்விட்டான். அவர்கள் மகன் ருவதான். ஃபோமோரியர்கள் அந்தப் பையனைத் தாய்மாமன் ஊருக்கே உளவு பார்க்க அனுப்பினார்கள். தேவர்களின் ஈட்டி ஒரே நாளில் சரியாகிக் களத்துக்குத் திரும்பி வருகிறதே, அது எப்படி என்று பார்க்கத்தான். அவன் பட்டறைக்குப் போய், அங்கேயே ஒரு ஈட்டி வாங்கி, அதனாலேயே கொல்லன் கோவ்னியுவைக் குத்தினான். கோவ்னியு அதை உருவி எடுத்துத் திருப்பி எறிந்தான். பையன் குத்துப்பட்டவாறே அப்பன் முன்னால் போய் விழுந்து செத்தான். பிரிக் வந்து மகன் மேல் விழுந்து அலறினாள், பிறகு அழுதாள். அயர்லாந்தில் அழுகையும் அலறலும் கேட்டது அதுதான் முதல் தடவை என்று அந்தக் கதை சொல்கிறது.

பிறந்த வீட்டுக்கும் புகுந்த வீட்டுக்கும் நடுவில் நிற்கிற ஒருத்தி. அவளைப் பெற்றவர்கள் பக்கத்து ஆள்தான் அவள் பெற்றதைக் கொன்றது. அவள் யார் மேல் கோபப்படுவாள்? யாருக்காக ஜெயிக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்வாள்? எந்தப் பக்கம் பேசினாலும் அவளுக்கு நஷ்டம்தான். அழுகையை இப்படிப்பட்ட ஒரு பெண்ணுக்குக் கொடுத்த கதைசொல்லி சாதாரண ஆள் இல்லை. எத்தனை எழவு வீட்டில் உட்கார்ந்து பார்த்திருப்பானோ.

அயர்லாந்து ஊர்க்கதைகளில் சாவுக்கு முன்னால் வந்து அழுகிற பான்ஷீ என்பவளைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். சினிமாவில் அவளைப் பேயாக்கிவிட்டார்கள். ஊர்க்கதையில் அவள் யாரையும் அடிப்பதில்லை. பழைய குடும்பங்களோடு, பேருக்கு முன்னால் ஓ, மாக் என்று வருகிற வம்சங்களோடு தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்தே இருப்பவள். அந்தக் குடும்பத்தில் யாருக்காவது சாவு வரப் போகிறது என்றால் முடியைச் சீவிக்கொண்டு அழுவாள், அவ்வளவுதான். வழியில் கிடக்கிற சீப்பை எடுக்கக் கூடாது, அது அவளுடையதாக இருக்கும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லி வைப்பார்கள். என்னைக் கேட்டால் அவள் முதலில் அழ வருகிற உறவுக்காரி.

எங்கள் குடும்பத்தில் முதலில் அழுகிறவர் பெரியத்தை, அப்பாவின் மூத்த அக்கா. பண்ருட்டிப் பக்கம் முந்திரிக்காட்டு ஊரில் இருக்கிறார். எந்த எழவானாலும், பெரியத்தை வந்து இறங்கித் தெருமுனையில் முதல் அடி எடுத்த பிறகுதான் வீட்டுக்குள் இருக்கிற பெண்கள் எழுந்து வந்து தோளில் கை போட்டு வட்டம் கட்டுவார்கள். மாமா இறந்தபோது அவர் பாடியதில் ஒன்று:

பண்ருட்டி சந்தையிலே
பட்டெடுத்து வந்தவரே – இப்ப
பச்ச ஓலப் பாடையிலே
பயணமாகிப் போறீரே

2011 டிசம்பர் 30 தானே புயலில் அவர் வீட்டுப் பின்னால் இருந்த பலா சாய்ந்தது. அந்தப் பக்கம் முந்திரியும் பலாவும் தோப்பு தோப்பாகப் போன நாள் அது. நான் போனபோது பெரியத்தை அந்த மரத்தின் பக்கத்தில் உட்கார்ந்து, ஆளுக்குப் பாடுகிற மாதிரியே பாடிக்கொண்டிருந்தார்.

வேர்ப்பலா நீ காச்சு
வீடு கட்டக் கொடுத்தாயே
வேரோட சாஞ்சிட்டியே – நான்
வெயிலுக்கு எங்க போவேன்

ஒரு மரத்துக்கு அழுததைப் பார்த்து யாரும் தப்பாக நினைக்கவில்லை. ஊரே அப்படித்தான் இருந்தது.

அயர்லாந்து ஒப்பாரிகளில் பேர் பெற்றது ஒன்று இருக்கிறது. அதை நான் தமிழில் கதையாகச் சொல்லிச் சொல்லித்தான் பெரியத்தையை இந்தப் பேச்சுக்குள் இழுத்தேன். 1773இல் ஐலீன் டுவ் நி கொனல் என்ற பெண் தன் புருஷன் ஆர்ட் ஓ லியரிக்குப் பாடியது. அப்போது ஆங்கிலேயர் சட்டப்படி அங்கே ஒரு கத்தோலிக்கன் ஐந்து பவுண்டுக்கு மேல் விலை போகிற குதிரையை வைத்துக்கொள்ளக் கூடாது. ஆர்ட் ஆஸ்திரியப் படையில் இருந்துவிட்டு நல்ல பெண் குதிரையோடு ஊருக்கு வந்தவன். மோரிஸ் என்ற அதிகாரி ஐந்து பவுண்டை நீட்டி, குதிரையைக் கொடு என்றான். ஆர்ட் மறுத்தான். தகராறு முற்றி, மே 4ஆம் தேதி, கார்க் மாவட்டத்தில் கேரிகனிமா என்ற இடத்தில் ஒரு சிப்பாயின் குண்டில் செத்தான். வயது 26.

அவன் செத்த செய்தியைக் கொண்டு வந்தது அந்தக் குதிரைதான். கடிவாளம் தரையில் இழுபட, சேணத்தில் ரத்தத்தோடு வாசலில் வந்து நின்றது. ஐலீன் மூன்று தாவு தாவினாளாம். முதல் தாவு வாசற்படிக்கு, இரண்டாவது வெளிக்கதவுக்கு, மூன்றாவது குதிரை மேல். கைகளைத் தட்டிக்கொண்டு பறந்தாள். ஒரு முட்புதர் ஓரத்தில் அவன் கிடந்தான். மந்திரம் சொல்லப் பாதிரி இல்லை, யாரும் இல்லை. ஒரு கிழவி மட்டும் தன் போர்வையை எடுத்து அவன் மேல் விரித்திருந்தாள். ஓடிக்கொண்டிருந்த ரத்தத்தை ஐலீன் துடைக்கவில்லை. கையில் ஏந்திக் குடித்தாள்.

புறநானூற்றில் காட்டு வழியில் புருஷனை இழந்த ஒருத்தி இருக்கிறாள். ஐயோ என்று கத்தினால் புலி வந்துவிடுமோ என்று பயம், தூக்கலாம் என்றால் அவன் அகன்ற மார்பைத் தூக்க அவளுக்கு வலு இல்லை. 255ஆம் பாட்டு, வன்பரணர் பாடியது. ஐலீனைப் படிக்கிறபோது அவள்தான் என் கண் முன்னால் வந்தாள்.

பாட்டு முழுக்கச் சோகம் என்று நினைக்க வேண்டாம். கல்யாணமான புதிதில் அவன் எப்படி வைத்திருந்தான் என்பதற்கு ஒரு இடம் உண்டு: அறைகளுக்கு வெள்ளை அடித்தான், அடுப்பைச் சிவக்க வைத்தான், மீன் வந்தது, கறி வந்தது, பால் கறக்கிற நேரம் வரைக்கும் வாத்து இறகு மெத்தையில் தூங்கினேன் என்று அடுக்குகிறாள். மோரிஸுக்குச் சாபம் விடுகிறாள். சட்டம் அவனை ஒன்றும் செய்யவில்லை, விசாரித்து விடுதலை செய்துவிட்டது. சாபம்தான் இன்றுவரை நிற்கிறது. பிரபுவைத் திட்டுவது, அதிகாரியைத் திட்டுவது, கொடுமைப்படுத்திய புருஷனை அவன் பிணத்துக்கு முன்னாலேயே கேள்வி கேட்பது, இதெல்லாம் கீனிங்கில் நடந்திருக்கிறது. பெண்கள் கூட்டத்துக்கு நடுவில் உரக்கப் பேசக் கிடைத்த இடம் அது ஒன்றுதான்.

நடுவில் ஆர்ட்டின் தங்கை வருகிறாள். அவளும் பாட்டிலேயே பேசுகிறாள். என் அண்ணன் பிணமாகக் கிடக்கிறான், ராத்திரி விழித்திருக்காமல் நீ போய்ப் படுத்துவிட்டாய் என்று குத்திக் காட்டுகிறாள். ஐலீன் விடவில்லை. நான் தூங்கப் போகவில்லை, பிள்ளைகள் கலங்கிப் போயிருந்தன, அவர்களைத் தூங்க வைக்கப் போனேன் என்று பதில் பாடுகிறாள். இரண்டு பிள்ளைகள், மூன்றாவது வயிற்றில்.

இந்த இடத்தைச் சொன்னபோது பெரியத்தை வெற்றிலை மடிப்பதை நிறுத்திவிட்டார். "நாத்தனார் எல்லார் முன்னாலயும் கேட்டாளா?" என்றார். ஆமாம் அத்தை என்றேன். கொஞ்ச நேரம் கழித்து அவராகவே அந்த அயர்லாந்துக்காரிக்கு அடி எடுத்துக் கொடுத்தார்:

பால்குடி மறக்காத
பச்சப்புள்ள அழுதுதுன்னு
பக்கத்துல போனேனம்மா – நான்
படுத்துறங்கப் போகலையே

எழுதி வைத்துப் படித்ததில்லை, யோசித்து அடித்துத் திருத்தியதில்லை. எதுகை மோனை தானாக வந்து விழுந்தது. ஐலீனின் பாட்டும் இப்படித்தான் வாயில் பிறந்து, பல வருஷம் ஒப்பாரிக்காரிகளின் வாயிலேயே இருந்து, பிறகுதான் காகிதத்துக்கு வந்தது.

ஆர்ட் மாதிரி வெளிநாட்டுப் படைக்குப் போன அயர்லாந்துக்காரர்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. 1691இல் லிமெரிக் ஒப்பந்தத்துக்குப் பிறகு தோற்ற படை அப்படியே பிரான்ஸுக்குக் கப்பலேறியது. அந்த வழியில் வந்தவர்தான் நம் ஊருக்கு வந்த பிரெஞ்சுத் தளபதி லாலி. அப்பா கால்வே மாவட்டத்துக்காரர். 1758இல் தன் பேரிலேயே இருந்த அயர்லாந்து ரெஜிமென்டோடு புதுச்சேரியில் வந்து இறங்கி, ஜூன் மாதம் எங்கள் கடலூர் தேவனாம்பட்டினத்தில் ஆங்கிலேயர் வைத்திருந்த செயின்ட் டேவிட் கோட்டையைப் பிடித்து இடித்தார். 1760இல் வந்தவாசியில் அவரைத் தோற்கடித்து, 1761இல் புதுச்சேரியையும் பிடித்த ஆங்கிலேயத் தளபதி அயர் கூட் அதே லிமெரிக் பக்கத்தில் பிறந்தவர். லாலியால் நம் ஜனங்கள் பட்டது கொஞ்சமில்லை, அதை நான் மறைக்கவில்லை. ஆனாலும் கெடிலம் ஆறு கடலில் கலக்கிற அந்தப் பக்கம் போகிறபோதெல்லாம், அவரோடு வந்து இங்கே செத்த பையன்களுக்கு அவர்கள் ஊர் முறைப்படி அழ ஒரு பெண்கூட இருந்திருக்க மாட்டாளே என்று நினைப்பு வருகிறது.

சரி, கீனிங் ஏன் நின்றது? 1600களிலிருந்தே பாதிரிமார் தடை போட்டுக்கொண்டு வந்தார்கள். கூலிக்கு அழுவது பாவம், அளவுக்கு மீறி அழுவது கடவுள் மேல் நம்பிக்கை இல்லாததைக் காட்டுகிறது என்றார்கள். தடையால் மட்டும் அது போகவில்லை. 1845இல் உருளைக்கிழங்குப் பயிரில் நோய் விழுந்து தொடங்கிய பஞ்சத்தில் பத்து லட்சம் பேர் செத்தார்கள், இன்னொரு பத்து லட்சம் பேர் நாட்டை விட்டுப் போனார்கள். மொத்தம் மொத்தமாகக் குழியில் போட்ட காலத்தில் யார் யாருக்கு அழுவது? கப்பலேறுகிற பிள்ளைகளுக்கு, முந்தின ராத்திரி பிணத்துக்குக் கூடுகிற மாதிரியே கூடி விழித்திருந்தார்கள். அமெரிக்கன் வேக் என்று பேர். போகிறவன் உயிரோடு நிற்கிறான், தாய் அவனுக்கு ஒப்பாரி வைக்கிறாள். இனிமேல் அவனைப் பார்க்க முடியாது என்று அவளுக்குத் தெரியும். மொழியும் ஐரிஷிலிருந்து ஆங்கிலத்துக்கு மாறிக்கொண்டே வந்தது. அப்புறம் வெட்கம் வந்தது. படித்த குடும்பம் இப்படிக் கத்தி அழாது என்ற எண்ணம் வந்த பிறகு எல்லாம் வேகமாக முடிந்துவிட்டது.

ஆரன் தீவுகளில் போய்த் தங்கியிருந்த எழுத்தாளர் ஜான் மில்லிங்டன் சிங், எண்பது தாண்டிய ஒரு கிழவியின் அடக்கத்தைப் பார்த்து எழுதியிருக்கிறார், 1907இல் வந்த புத்தகம். பெண்கள் மாறி மாறி அடி எடுக்கிறார்கள், ஒருத்தி கல்லில் நெற்றி படக் குனிந்து குனிந்து ஆடுகிறாள். இது ஒரு கிழவி செத்ததற்கான அழுகை மட்டும் இல்லை, தீவில் இருக்கிற ஒவ்வொருவருக்குள்ளும் கிடக்கிற ஆத்திரம் எல்லாம் இதில் வெளியே வருகிறது என்று சொல்கிறார். நம் எழவு வீட்டில் உட்கார்ந்த பெண்களுக்கு இதை யாரும் சொல்லித் தர வேண்டாம். பக்கத்து வீட்டுத் தாத்தா பிணத்துக்கு முன்னால், தேவனாம்பட்டினத்துக்காரி ஒருத்தி 2004இல் அலையில் போன தன் மகளைக் கூப்பிட்டு அழுவாள். தாத்தா வீட்டு ஆட்கள் அதைக் கேட்டு அவளைக் கட்டிக்கொள்வார்கள்.

1951இல் டானகால் மாவட்டத்தில் சிட்டி நி கலஹோர் என்ற பெண், செத்த குழந்தைக்கான கீனிங்கைப் பாட, அமெரிக்காவிலிருந்து போன ஆலன் லோமாக்ஸ் அதைப் பதிவு செய்தார். அது மாதிரிப் பதிவுகள் விரல் விட்டு எண்ணுகிற அளவுக்குத்தான் இருக்கின்றன. அதற்கு முன்பே அயர்லாந்து அரசாங்கம் 1935இல் நாட்டார் வழக்காற்று ஆணையம் ஒன்று வைத்தது. 1937 முதல் 1939 வரை பள்ளிக்கூடப் பிள்ளைகளிடம் நோட்டுப் புத்தகம் கொடுத்து, வீட்டுக் கிழவன் கிழவிகளிடம் கதை, வைத்தியம், சாவுச் சடங்கு எல்லாம் கேட்டு எழுதி வரச் சொன்னார்கள். கிட்டத்தட்ட 50,000 பிள்ளைகள் எழுதினார்கள், மொத்தம் 7,40,000 பக்கம். இன்றைக்கு டூகஸ் என்ற தளத்தில் அந்தக் கையெழுத்தையே பார்க்கலாம். சொன்னவர் யார், வயது என்ன, எந்த ஊர் என்று பக்கத்தின் கீழே அந்தப் பிள்ளை எழுதி வைத்திருக்கும். நான் ராத்திரி ராத்திரி உட்கார்ந்து பார்ப்பது அந்தக் கீழ்வரிகளைத்தான்.

இங்கே இப்போது ஐஸ் பெட்டி வந்துவிட்டது. பந்தலில் ஸ்பீக்கர் கட்டி, பென் டிரைவில் இருக்கிற ஒப்பாரியைப் போட்டுவிடுகிறார்கள். முகம் தெரியாத யாரோ பாடியது, எல்லா அப்பாவுக்கும் ஒரே பாட்டு. அந்தச் சத்தத்தில் பெரியத்தை மாதிரி ஒருவர் அடி எடுத்தால் பக்கத்தில் இருப்பவருக்குக்கூடக் கேட்காது. என் கடையில் போஸ்டர் அடிக்க வருகிறவர்களிடம் நான் சொல்லத் தொடங்கியிருக்கிறேன்: வீட்டில் பாடத் தெரிந்தவர்கள் இருந்தால் ஒரு மணி நேரம் ஸ்பீக்கரை நிறுத்துங்கள். சிலர் கேட்கிறார்கள்.

பெரியத்தை பாட்டைப் பதிவு செய்வதும் லேசில்லை. ஆள் உயிரோடு இருக்கிற வீட்டில் ஒப்பாரி பாடக் கூடாது, விளக்கு வைத்த பிறகு வாயில்கூட வரக் கூடாது என்பது அவர் கண்டிப்பு. அதனால் மத்தியான வேளையில் முந்திரிக் காட்டுக்குப் போகிறோம். ஒரு துண்டை விரித்து, நடுவில் போனை வைத்துக்கொள்வோம். பாடி முடித்ததும் எழுந்து துண்டை உதறி, வீட்டுக்குள் போவதற்கு முன்னால் இரண்டு பேரும் கால் கழுவிக்கொள்ள வேண்டும். பாடும்போது நான் குறுக்கே பேசக் கூடாது. பாதியில் நிறுத்தினால் மறுபடி முதலில் இருந்துதான் வரும்.

கேட்டுக் கேட்டு டைப் செய்து, எழுத்தைப் பெரிதாக்கி பிரின்ட் எடுத்துப் போய்க் காட்டினேன். பேத்தியை விட்டு வாசிக்கச் சொல்லிக் கேட்டார். அப்புறம் என்னைப் பார்த்து, "பாப்பா, யாருக்குப் பாடினதுன்னு போடலையே. பேரு வேணும், ஊரு வேணும். இல்லாட்டி இது யாரோட சாவு?" என்றார். நான் டூகஸ் பக்கங்களைப் பற்றி அவரிடம் ஒரு வார்த்தையும் சொன்னதில்லை.

ஆள் நினைவு இருக்கிறது, பேரும் நாளும் பலருக்கு மறந்துவிட்டது அவருக்கு. முதுநகர் மீன்காரர், குறிஞ்சிப்பாடித் தறிக்காரர் சம்சாரம், நெல்லிக்குப்பத்தில் பைக்கில் போய் விழுந்த பையன் என்று அடையாளம் சொல்கிறார். 2006இலிருந்து கடையில் அடித்த கண்ணீர் அஞ்சலி ஃபைல்கள் எல்லாம் பழைய கம்ப்யூட்டரில் அப்படியே இருக்கின்றன. பேர், தோற்றம், மறைவு, வருந்தும் குடும்பத்தார் எல்லாம் அதில் உண்டு. இப்போது சாயங்காலம் கடை சாத்திய பிறகு அவற்றைத் திறந்து, பெரியத்தை சொல்கிற அடையாளத்தோடு ஒத்துப் பார்த்து, ஒவ்வொரு பாட்டுக்குக் கீழேயும் ஆளைச் சேர்த்துக்கொண்டிருக்கிறேன். மீன்காரர் கிடைத்துவிட்டார். நெல்லிக்குப்பத்துப் பையனின் ஃபைலை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.